நீலகிரி இ-பாஸ்: வண்டிகளுக்கு வரம்பு வைத்தால் மலை தாங்குமா?

கேள்வி: சிறுமுகை வாசகர்

மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் வசிப்பவன் நான். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், கல்லாறு சோதனைச்சாவடிக்கு முன்பாக ஊட்டிக்குச் செல்லும் கார்கள் வரிசைகட்டி நிற்பதும், சனி ஞாயிறுகளில் அந்த வரிசை நகரை நோக்கி நீண்டுகொண்டே வருவதும் எங்களுக்குப் பழகிப்போன காட்சி. 2024 ஏப்ரல் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, அவ்வாண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்ல இ-பாஸ் கட்டாயமாயிற்று. அந்த வழக்கில் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு என்னைத் திகைக்க வைத்தது. மற்ற காலங்களில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 வாகனங்கள் வந்துசேரும் நீலகிரிக்கு, சீசனில் 20,011 வாகனங்கள் வருகின்றன. அவற்றில் கார்கள் மட்டுமே 11,509, பேருந்துகளோ 637தான்.

பிறகு 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் எண்ணிக்கைக்கே வரம்பு விதித்தது. ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. அரசுப் பேருந்துகள், உள்ளூர் வாகனங்கள், விளைபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிகள், ஆம்புலன்ஸ்கள் முதலியவற்றுக்கு விலக்கு உண்டு. மலைகளின் தாங்குதிறனைக் கணக்கிடும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மிடமும் ஒப்படைக்கப்பட்டது.

எனக்கு இரண்டு ஐயங்கள். முதலாவது, மலை தாங்குமா தாங்காதா என்பதை வாகனங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது சரியான அளவுகோல்தானா? இரண்டாவது, மக்கள்தொகைக் கணக்கு தொடர்பானது. 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,62,141. 2011இல் அது 7,35,394ஆகக் குறைந்திருக்கிறது. ஊட்டி நகரத்திலும் இதே நிலைதான். 93,987ஆக இருந்தது 88,430ஆகிவிட்டது. ஆனால் அதே காலத்தில் மலைச்சரிவெங்கும் கட்டடங்கள் பெருகியதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஆட்கள் குறைய ஊர் மட்டும் எப்படி வளர்கிறது? மேலே வசிப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: குன்னூர் பொறியாளர் (பணி ஓய்வு)

ஐயா, தங்களுடைய இரண்டு ஐயங்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. குடிநீர்ப் பணிகளில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

ஊட்டி நகரத்தின் முதன்மையான குடிநீர் ஆதாரம் பார்சன்ஸ்வேலி அணை. மார்லிமந்து, டைகர்ஹில், தொட்டபெட்டா போன்ற சிறு நீர்த்தேக்கங்கள் அதற்குத் துணை. குன்னூருக்கு வெள்ளையர் காலத்து ரேலியா அணை. இவையெல்லாம் இரு பருவமழைகளிலும் நிரம்பி, தை பிறந்ததும் இறங்கத் தொடங்கி, தென்மேற்குப் பருவமழை வருவதற்குச் சற்று முன்பாக அடிமட்டத்துக்கு வருபவை. அதாவது, மலர்க் கண்காட்சியும் பழக் கண்காட்சியும் நடந்து ஊர் நிரம்பி வழியும் ஏப்ரல், மே மாதங்களும், அணைகளில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் மாதங்களும் ஒன்றே. இந்த மலையில் சுற்றுலாவுக்கும் இயற்கைக்கும் இடையிலான சிக்கலின் முதல் முடிச்சு இதுதான். ஆண்டு முழுவதற்கும் சராசரி போட்டுப் பார்த்தால் தண்ணீர் போதும் என்றே தோன்றும். மே மாதத்தின் மூன்றாவது வாரத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

நகராட்சிக் குழாயில் முறைவைத்துத் தண்ணீர் விடும் நாட்களிலும் விடுதிகளில் குளியலறைக் குழாய் நிற்பதில்லை. அங்கே லாரித் தண்ணீர் வந்துவிடுகிறது. அந்த லாரி எங்கே நிரப்புகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பள்ளத்தாக்கின் ஓடையிலோ, சதுப்பு நிலத்தை ஒட்டித் தோண்டிய கிணற்றிலோதான் நிரப்புகிறது. மலையின் மடிப்புகளில் இருக்கும் இந்தச் சதுப்புகள் மழைநீரைப் பிடித்துவைத்துக் கோடையில் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுபவை. அவற்றில் பல, முதலில் கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் வடிகால் வெட்டி வயலாக்கப்பட்டன. பிறகு சாலைக்கு அருகில் இருந்தவை மண் நிரப்பப்பட்டு மனையாயின. ஆகவே தண்ணீர்த் தேவையைப் பெருக்கும் கட்டடமே, தண்ணீரைச் சேமித்துவந்த நிலத்தின் மேல் எழுந்து நிற்கிறது.

இது புதிய கதையன்று. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன், 1823ஆம் ஆண்டு தொடங்கி, ஓடைகளை மறித்து ஊட்டி ஏரியை உண்டாக்கினார். பின்னாளில் நகருக்குச் சமதரை தேவைப்பட்டபோதெல்லாம் ஏரியே சுருங்கிக் கொடுத்தது. குதிரைப் பந்தய மைதானமும் பேருந்து நிலையமும் இன்று இருக்கும் இடங்கள் பழைய ஏரியின் பரப்பைச் சேர்ந்தவை. நகரின் கழிவுநீரைச் சுமந்துவரும் கோடப்பமந்து கால்வாய் மிச்சமிருக்கும் ஏரியில் வந்து விழுகிறது. கனமழை பெய்தால் ரயில் நிலையம், பேருந்து நிலையப் பகுதியில் தண்ணீர் தேங்குவதைச் செய்தியாகப் படிக்கிறோம். தண்ணீர் தன் பழைய இடத்துக்குத் திரும்பி வருகிறது, அவ்வளவே. பந்தய மைதானத்தின் 52 ஏக்கரை 2024இல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டபோது, அதில் ஒரு பகுதியையாவது மீண்டும் நீர் தேங்கும் நிலமாக விடுவார்களா என்று எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

அடுத்தது சரிவு. இந்த மாவட்டத்தில் 7 மீட்டருக்கு மேல் உயரமாகக் கட்டக் கூடாது என்பது விதி. நல்ல நோக்கம் கொண்ட விதிதான். ஆனால் அதன் விளைவைச் சரிவில் நின்று பார்க்க வேண்டும். மேலே எழும்ப முடியாதவர்கள் பக்கவாட்டில் மலையைக் குடைகிறார்கள். சாலையிலிருந்து பார்த்தால் அடக்கமான ஒற்றை மாடி வீடு. பள்ளத்துப் பக்கம் இறங்கிப் பார்த்தால் படிப்படியாக வெட்டிய மண்ணில் அடுத்தடுத்து மூன்று தளங்கள். பொக்லைன் இயந்திரத்தை அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்ற தடை இருப்பதால், சில இடங்களில் ஆட்களை வைத்துக் கையாலேயே வெட்டுகிறார்கள். 2024 பிப்ரவரியில் லவ்டேல் அருகே கட்டுமானத்துக்காக மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, மேலே இருந்த கழிப்பறைக் கட்டடம் சரிந்து விழுந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். அது மழைக்காலம்கூட அன்று.

2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பகுதிகளில் பெய்த மழையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அங்கும் மலை பல இடங்களில் பிளந்தது. ஆயினும் அந்தப் பகுதியில் குடியிருப்புகள் மிகக் குறைவு என்பதால் உயிரிழப்பு 2009ஐக் காட்டிலும் மிகக் குறைவு. இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மழையின் அளவு மட்டுமே சேதத்தைத் தீர்மானிப்பதில்லை, அது எங்கே, எதன் மேல் விழுகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பது விளங்கும். இன்று மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பாக 283 இடங்களை அபாயகரமானவை என்று பட்டியலிட்டு, அவற்றுக்கு அலுவலர் குழுக்களை அமைக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள இடங்கள் பலவற்றுக்கும் புதிய கட்டடங்களுக்கும் உள்ள தூரத்தை யாரேனும் வரைபடத்தில் குறித்துக் காட்டினால் பயனுள்ளதாக இருக்கும்.

இப்போது தங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். வாகன வரம்பு நெரிசலைக் குறைக்கும், புகையைக் குறைக்கும். அதற்காக அது வேண்டியதே. ஆனால் வந்த கார் இரண்டு நாளில் இறங்கிப் போய்விடும். அந்தக் காருக்காகக் கட்டிய அறையும் வெட்டிய சரிவும் இறங்கிப் போவதில்லை. சோதனைச்சாவடியில் எண்ணப்படுவது முதலாவது மட்டுமே.

பதில் 2: கோத்தகிரி தேயிலை விவசாயி

பொறியாளர் ஐயா தண்ணீரையும் மண்ணையும் பற்றிச் சொல்லிவிட்டார். ஆட்கள் குறைய ஊர் ஏன் வளர்கிறது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் அது எங்கள் ஹட்டியிலேயே, அதாவது படுகர் கிராமத்திலேயே, நடப்பது.

பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை, கிள்ளும் கூலிக்கும் உரத்துக்குமே சரியாகப் போய்விடுகிறது. கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு குறைந்தபட்ச விலையாக வேண்டும் என்று கேட்டு 2023இல் சிறு விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். தோட்டத்தை நம்பி இருக்க முடியாத பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். மக்கள்தொகை குறைந்த கதை இதுதான். அவர்கள் போன பிறகு, அரை ஏக்கர் தோட்டத்தை வைத்துக்கொண்டு வயதானவர் என்ன செய்வார்? பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும் இடமாக இருந்தால், தேயிலை பத்து ஆண்டில் தராத பணத்தை ஒரே நாளில் கொடுக்க ஆள் வருகிறார். செடியைப் பிடுங்கிவிட்டுச் சிவப்பு ஓடு வேய்ந்த காட்டேஜ் எழுகிறது. தேயிலைச் செடியின் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த சரிவு அது.

அந்த வீட்டின் சொந்தக்காரர் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வருவார். மற்ற நாட்களில் இணையத்தில் வாடகைக்கு விடுவார். மக்கள்தொகைக் கணக்கில் அவர் இல்லை, ஏனெனில் அவர் சென்னைவாசி. உள்ளூர் முகவரியில் வாங்கிய டி.என். 43 எண் வண்டி வைத்திருந்தால் இ-பாஸ் வரம்பிலும் அவர் இல்லை. சுற்றுலாப் பயணி என்றும் அவரைச் சொல்ல முடியாது, ஊர்க்காரர் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய புல்தரைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எங்கள் கேரட் வயலுக்கு வரவேண்டிய ஓடையிலிருந்து அந்தத் தண்ணீர் மோட்டார் வைத்து எடுக்கப்படுகிறது. இதை நான் யார் மேலும் கோபத்தால் எழுதவில்லை. நிலத்தை விற்றவர்கள் எங்கள் உறவினர்களே. தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்தால் மலைச்சரிவில் பாதி அப்படியே தோட்டமாக நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம். சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசுவோர் தேயிலை விலையைப் பற்றியும் பேச வேண்டும்.

பதில் 3: ஊட்டியில் சிறு விடுதி நடத்துபவர்

மூவருடைய கருத்துகளையும் படித்தேன். எங்கள் தரப்பையும் பதிவு செய்வது கடமை.

2025 ஏப்ரல் 2 அன்று இ-பாஸை எதிர்த்து நீலகிரியில் கடையடைப்பு நடந்தபோது, மலையைப் பற்றிக் கவலையில்லாத வியாபாரிகள் என்று எங்களைப் பலர் எழுதினார்கள். ஏரிக்கரையில் குதிரை வைத்திருப்பவர், வர்க்கி சுடும் பேக்கரிக்காரர், தைலமும் சாக்லேட்டும் விற்கும் கடைக்காரர், பத்து அறை விடுதி நடத்தும் என்னைப் போன்றவர் ஆகிய எல்லோருக்கும் ஏப்ரல், மே மாத வருமானம்தான் அடுத்த எட்டு மாதத்துக்கான சோறு. பதிவு பெற்று, வணிகக் கட்டணத்தில் மின்சாரம் வாங்கி, வரி கட்டி நடத்தும் விடுதிக்கு வரம்பால் அறை காலியாகிறது. தேயிலை விவசாயி ஐயா குறிப்பிட்ட, பலகையே இல்லாத காட்டேஜுக்கு எந்த வரம்பும் இல்லை. விதிக்கு உட்பட்டவன் மேல்தான் விதி விழுகிறது.

இன்னொன்று: எண்ணப்படுவது வண்டிகள், ஆட்கள் அல்லர். இருவர் அமர்ந்து வரும் காரும், பன்னிரண்டு பேர் வரும் வேனும் வரம்புக் கணக்கில் ஒன்றே. நெரிசல் உண்மைதான், மறுக்கவில்லை. சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதையாக்கிய பிறகும், சேரிங்கிராஸ் சந்திப்பைக் கடக்க அரை மணி நேரம் ஆகும் நாட்கள் உண்டு. அதற்கு வழி, மேட்டுப்பாளையத்திலேயே பெரிய வாகன நிறுத்துமிடம் அமைத்து, அங்கிருந்து கால் மணிக்கு ஒரு பேருந்து விடுவது. 1908இல் ஊட்டிவரை வந்துசேர்ந்த மலை ரயில் இன்றும் ஓடுகிறது. பயணச்சீட்டு கிடைக்காமல் ஏமாந்து, காரில் ஏறி வருகிற குடும்பங்களை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

கட்டுப்பாடே வேண்டாம் என்பது எங்கள் வாதம் அன்று. 2022 மே மாதம் டாஸ்மாக் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் திட்டம் முதலில் நீலகிரியில்தான் தொடங்கியது. அதற்கு முன் யானையும் காட்டுமாடும் நடக்கும் பாதையில் உடைந்த கண்ணாடி கிடக்கும். திட்டம் வந்தபின் பாட்டிலைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுக்கவே ஆட்கள் உண்டானார்கள். அப்படிக் கைக்கும் பைக்கும் எட்டுகிற விதிகளை நாங்கள் எதிர்க்கவில்லை.

கேள்வி தொடர்ச்சி: சிறுமுகை வாசகர்

மூவருக்கும் நன்றி. வண்டிகளை விட்டுவிட்டு நிலத்தையே வரையறுக்க வேண்டும் என்ற திசையில் உரையாடல் செல்கிறது. அப்படிச் செய்து பார்த்த இடம் ஏதும் இதே மாவட்டத்தில் உண்டா? மசினகுடி யானை வழித்தட வழக்கைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

பதில் 4: காட்டுயிர் ஆர்வலர், கூடலூர்

உண்டு. மசினகுடி அமைந்திருக்கும் சீகூர் பீடபூமியே அதற்குச் சான்று.

ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் குளிரும் பசுமையும் சட்டென்று மறைந்து, முட்புதரும் வறண்ட காடுமாக மாறிவிடும். மழை மறைவுப் பகுதி அது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே நடமாடும் யானைகளுக்கு, ஒரு பக்கம் செங்குத்தான நீலகிரிச் சரிவும் மறுபக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் நெருக்க, நடுவே எஞ்சியிருக்கும் ஒடுங்கிய நிலமே வழி. அந்த நிலத்தில்தான் ரிசார்ட்டுகள் முளைத்தன. காரணம் எளிது: யானை நடக்கும் இடத்தில் தங்கினால் யானையைப் பார்க்கலாம் என்பதே விற்பனைப் பொருள். வேலி, மின்விளக்கு, இரவு ஜீப் சவாரி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தபோது, எதைக் காட்டிப் பணம் வாங்கினார்களோ அதற்கே வழி அடைபட்டது.

வழித்தடத்தை அரசு அறிவித்தது செல்லும் என்று 2011இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் இருந்தபோதே, 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் பல ரிசார்ட்டுகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதிசெய்து, நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் குழு அமைத்தது. அதற்கு மூன்று மாதங்கள் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பகுதிக்குள் வந்த யானையின் மேல் எரியும் டயரை வீசினார்கள். காதில் தீப்பற்றிய நிலையில் அது ஓடிய காணொளியை நாடே பார்த்தது. அந்த யானை ஏற்கெனவே காயம்பட்டிருந்தது, பிறகு இறந்துபோயிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது, நீதிமன்றம் எத்தனை பயணிகள் வரலாம் என்று கேட்கவில்லை; எந்த நிலத்தில் எது இருக்கலாம் என்று கேட்டது. அதனால் அது வண்டி வரம்பைவிட மெதுவாக நடந்தது, பல ஆண்டுகள் இழுத்தது. பழங்காலமாகக் குடியிருக்கும் ஏழைகளும் ரிசார்ட் உரிமையாளர்களோடு ஒரே தட்டில் வைக்கப்படுகிறார்கள் என்ற அச்சமும் நியாயமாகவே எழுந்தது. ஆனாலும் பிரச்சினையின் வேரை அது தொட்டது.

மேல் நீலகிரிக்கும் இதையே பொருத்திச் சொல்ல ஒரு செய்தி உண்டு. ஊட்டி, கூடலூர் சாலையில் பைன் காட்டுக்கு முன்பாக நிற்கும் கார்களைப் பாருங்கள். வரிசையாக நிற்கும் அந்த மரங்களுக்கு நடுவே படமெடுத்துக்கொண்டு, இயற்கையைக் கண்டுவந்தோம் என்று மகிழ்ந்து போகிறார்கள். பைன் இந்த மலைக்கு உரியதே அன்று. வனத்துறை நட்டுவைத்த அயல் மரம். அதைப் போலவே வாட்டில் எனப்படும் சீகை மரமும், கற்பூர மரம் என்று இங்கே எல்லோரும் சொல்லும் யூகலிப்டஸும் வெளியிலிருந்து வந்தவை. இந்த மலையின் சொந்த உடை, மேட்டில் புல்வெளியும் மடிப்புகளில் சோலைக்காடும். வெறும் புல்தானே என்று நினைத்து அதன்மேல் மரம் நட்டார்கள்; இன்று சீகை தானாகவே பரவிப் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கிறது. பயணிகளின் கண்ணுக்குப் புல்வெளி ஒரு காட்சியாகத் தெரியாததால், அதற்காகப் பேசுவோரும் குறைவு. அவலாஞ்சி, மேல்பவானி பகுதியில் எஞ்சியிருக்கும் புல்வெளியும் சோலையும் பிடித்துவைக்கும் தண்ணீர்தான், ஐயா, சிறுமுகையில் தங்கள் ஊரை ஒட்டி ஓடிப் பவானிசாகரில் சேர்கிறது. ஆகையால் இது மேலே வசிப்பவர்களின் விவகாரம் மட்டும் அன்று.

பதில் 5: ஊட்டியில் சிறு விடுதி நடத்துபவர்

காட்டுயிர் ஆர்வலர் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன். நிலத்தை வரையறுப்பதானால், ஏற்கெனவே கட்டி, அனுமதி பெற்று நடத்துவோரை ஒரு பக்கமும், அனுமதியே இல்லாதவர்களை மறுபக்கமும் பிரித்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் எல்லோரும் சேர்ந்து எதிர்ப்பார்கள். முதலில், எத்தனை அறைகள் இருக்கின்றன என்ற கணக்காவது யாரிடமாவது இருக்கிறதா?

பதில் 6: குன்னூர் பொறியாளர் (பணி ஓய்வு)

விடுதி நடத்தும் நண்பர் கேட்டதே சரியான கேள்வி. அந்தக் கணக்கு ஒரே இடத்தில் இல்லை. துண்டு துண்டாக மூன்று நான்கு அலுவலகங்களில் கிடக்கிறது. கட்டட அனுமதியும் சொத்து வரியும் நகராட்சியிலோ பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ இருக்கும். விடுதி, ஹோம்ஸ்டே பதிவு வேறு அலுவலகத்தில் இருக்கும். மின் இணைப்பு வீட்டுக் கட்டணமா வணிகக் கட்டணமா என்பது மின்வாரியத்தில் இருக்கும். இவற்றை ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வு நிறுவனம் வர வேண்டும் என்பதில்லை. வீட்டுக் கட்டணத்தில் இணைப்பு வாங்கிய ஒரு கட்டடத்தில், ஜூலையிலும் ஜனவரியிலும் மீட்டர் ஏறக்குறைய அசையாமல் இருந்து, ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் பயன்பாடு பல மடங்காக உயர்ந்தால், அது யாரும் வசிக்கும் வீடு அன்று என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய அறிவு வேண்டியதில்லை. சொந்தக்காரர் குடும்பத்தோடு கோடைக்கு வந்து தங்கியிருக்கலாம் என்று சிலர் வாதிடுவார்கள். அவர்களுக்கு ஒருமுறை நேரில் சென்று பார்த்தால் போதும். குளிர்காலத்தில் ஹீட்டர் போடுகிற ஊரில் ஜனவரிப் பயன்பாடு கோடைப் பயன்பாட்டைவிடக் குறைவாக இருப்பதே விசாரணைக்குப் போதுமான காரணம்.

அறைகளின் எண்ணிக்கை தெரிந்துவிட்டால், அதை அணையின் ஏப்ரல் மாத நீர்மட்டத்தோடு பொருத்துவது கூட்டல் கழித்தல் கணக்குதான். ஏப்ரல் நடுவில் பார்சன்ஸ்வேலியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, நகரவாசிகளுக்கு ஜூன் பத்தாம் தேதிவரை எவ்வளவு ஒதுக்க வேண்டும், மீதி எத்தனை அறைகளுக்குப் போதும் என்று கணக்கிட்டு, அந்த எண்ணை ஆண்டுதோறும் வெளியிடலாம். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் எண் கூடும், பொய்த்த ஆண்டில் குறையும். 6,000, 8,000 என்று ஆண்டுக்கு ஆண்டு மாறாத எண்ணைவிட இது வியாபாரிகளுக்கும் நியாயமாகப் படும் என்று நினைக்கிறேன்.

சிறுமுகை நண்பர் விரும்பினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டே கேள்விகளோடு தொடங்கலாம். ஒன்று, கடந்த பத்து ஆண்டுகளில் ஒவ்வொரு ஏப்ரல் 15 அன்றும் பார்சன்ஸ்வேலி, ரேலியா அணைகளின் நீர்மட்டம். மற்றொன்று, அதே ஆண்டுகளில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி உள்ளாட்சிகள் வழங்கிய கட்டட அனுமதிகள், குடியிருப்புக்கு எத்தனை, வணிகத்துக்கு எத்தனை என்று தனித்தனியாக. மனுவை நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். அணை விவரம் வேறு துறையிடம் இருந்தால், அந்தப் பகுதியை ஐந்து நாட்களுக்குள் அவர்களுக்கு அனுப்பிவைக்க வேண்டியது அவருடைய பொறுப்பு. வாசகம் எழுதுவதில் உதவி வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன்.